பழைய லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு பழுதா? கடைக்குக் கொண்டுபோகும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுகின்றன. வண்ணங்கள் சிதறிச் சிறு சிறு கட்டங்களாகத் தெரிகின்றன. கேம் ஒன்றைத் திறந்தால் திரை சட்டென்று கறுத்துவிடுகிறது, ஃபேன் மட்டும் இரைந்துகொண்டிருக்கிறது. எட்டுப் பத்து வருடம் உழைத்த லேப்டாப்பில் இப்படி ஏதாவது தெரிந்தால், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று பலரும் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கழன்ற டிஸ்ப்ளே கேபிள், கெட்டுப்போன ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்), தூசி அடைத்த ஃபேன், ஒத்துவராத டிரைவர் (கிராபிக்ஸை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) ஆகிய எல்லாமே இதே அறிகுறிகளைக் காட்டக்கூடியவை. எது காரணம் என்பதை வீட்டிலேயே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்குத் தேவை ஒரு ஸ்க்ரூடிரைவர், இரவல் வாங்கிய ஒரு மானிட்டர், கொஞ்சம் பொறுமை.

ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம். லேப்டாப்பில் அது பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட ஒரு சிப். பல லேப்டாப்களில் கிராபிக்ஸ் இரண்டு இருக்கும்: பிராசஸருக்குள்ளேயே அமைந்த இன்டெல் கிராபிக்ஸ் ஒன்று, கனமான வேலைக்கென்று தனியாக என்விடியா அல்லது ஏஎம்டி சிப் ஒன்று. என்விடியா 2010இல் கொண்டுவந்த ஆப்டிமஸ் முறையில், லேப்டாப்பின் திரை இன்டெல் கிராபிக்ஸோடுதான் இணைந்திருக்கும். என்விடியா சிப் வரைந்து கொடுத்த படத்தையும் இன்டெல்தான் திரைக்கு அனுப்பும். உங்கள் மெஷினில் எத்தனை கிராபிக்ஸ் என்று டிவைஸ் மேனேஜரை (சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் கருவி) திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற பகுதியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சோதனை முடிவுகளின் பொருள் இதைப் பொறுத்தே மாறும்.

படி 1: தகவல்களைக் காப்பாற்றுங்கள்

வேறு எதையும் தொடுவதற்கு முன் புகைப்படங்கள், ஆவணங்கள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். நாளை இந்தத் திரை எழுந்து வராமலே போகலாம். திரை ஏற்கெனவே இருண்டுவிட்டதா? டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டில் இணைத்துப் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வேறு கணினியில் திறக்கலாம். டிஸ்க் பிட்லாக்கரால் (தகவல்களைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டப்பட்டிருந்தால் ரெக்கவரி கீ கேட்கும், அதையும் தேடி எடுத்து வையுங்கள்.

படி 2: கோளாறு எப்போது வருகிறது?

லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் கீயைத் தட்டி பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் இயங்கும் அடிப்படை மென்பொருள்) திரைக்குள் போங்கள். அங்கே விண்டோஸும் கிடையாது, விண்டோஸ் டிரைவரும் கிடையாது. பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுக் கவனியுங்கள்.

பயாஸிலேயே கோடுகள் தெரிந்தால் டிரைவர் குற்றவாளி அல்ல. வன்பொருளில்தான் ஏதோ கோளாறு. பயாஸ் திரை தெளிவாக இருந்து விண்டோஸுக்குள் போன பிறகே சிக்கல் தொடங்கினால் டிரைவர், வெப்பம் இரண்டையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். டெஸ்க்டாப் நன்றாக இருக்கிறது, கேம் அல்லது வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால் மட்டும் விழுகிறது என்றால், ஆப்டிமஸ் லேப்டாப்பில் அது தனி சிப்பை நோக்கிக் கைகாட்டுகிறது. இதுவே ஓரளவு நல்ல செய்தி. ஏன் என்பது கடைசிப் படியில் வரும்.

படி 3: திரையா, சிப்பா?

பலர் ஏமாறுவது இங்கேதான். சோதனைகளை வரிசையாகச் செய்யுங்கள்.

மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். கோடுகள் வந்து வந்து மறைந்தால், கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் தேய்ந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் மடங்கி நிமிரும் கேபிள் அது; பழைய லேப்டாப்பில் தேய்வது இயல்பு.

அடுத்து, கோடுகள் தெரியும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தைக் கைப்பேசியிலோ வேறு கணினியிலோ பாருங்கள். படத்திலும் கோடுகள் பதிவாகியிருந்தால் திரைமேல் பழி இல்லை. படம் உருவாகும் இடத்திலேயே, அதாவது சிப், அதன் நினைவகம், ராம், டிரைவர் இவற்றில் ஒன்றில் கோளாறு. படம் சுத்தமாக இருந்தால் பேனல் (லேப்டாப்பின் திரைப்பகுதி), கேபிள் இரண்டையும் சந்தேகிக்கலாம். ஆனால் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சிப்பிலிருந்து திரைக்குப் படத்தை அனுப்பும் கடைசிப் பகுதி கெட்டிருந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாகவே வரும்.

அதனால்தான் வெளி மானிட்டர் தேவைப்படுகிறது. இரண்டு திரையிலும் ஒரே மாதிரிக் கோளாறு தெரிந்தால் பேனலை மாற்றிப் பயனில்லை. மானிட்டரில் தெளிவாக இருந்து லேப்டாப் திரையில் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் பேனலோ கேபிளோதான். இதற்கு நேர்மாறாக, லேப்டாப் திரை நன்றாக இருந்து மானிட்டரில் மட்டும் சிக்கல் என்றால் குழம்ப வேண்டாம். சில மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட் தனி சிப்போடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். முதலில் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் தனி சிப்பையே சந்தேகியுங்கள்.

டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. அணைத்த நிலையில் டி கீயை அழுத்திப் பிடித்தபடியே பவர் பொத்தானை அழுத்தினால், திரை தானே சிவப்பு, பச்சை, நீலம் என நிறங்களைக் காட்டும். பேனல் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. அந்த நிறங்களிலும் கோடு தெரிந்தால் பேனல் பக்கம்தான் கோளாறு.

படி 4: ராம்

இன்டெல் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. லேப்டாப்பின் ராமிலிருந்தே ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. எனவே ராம் கெட்டால் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும், விண்டோஸ் நின்றுபோய்ப் பிழைத்திரையும் வரும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி (உள்ளே பொதிந்த பேட்டரி என்றால் அதன் கனெக்டரைக் கழற்றி) பவர் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பிறகு ராமைக் கழற்றி மீண்டும் அழுத்தமாகச் சொருகுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை மாற்ற வேண்டியதுதான்.

படி 5: டிரைவர்

திரை உறைந்து நிற்கும்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கிராபிக்ஸ் டிரைவரை இது மறுபடி தொடக்கிவிடும். இதில் திரை மீண்டால் சிப் இன்னும் உயிரோடு பதில் சொல்கிறது என்று அறியலாம்.

விண்டோஸ் ஒரு வேலையைக் கொடுத்து, கிராபிக்ஸ் சிப் 2 வினாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் டிரைவரை ரீசெட் செய்யும். மீண்டுவிட்டால் ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். மீளவில்லை என்றால் வீடியோ டிடிஆர் ஃபெய்லியர் என்ற பிழைத்திரை வரும். டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் பெயர்மேல் மஞ்சள் முக்கோணமும் கோட் 43 என்ற செய்தியும் தெரிந்தால், சாதனம் தானே கோளாறைத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று பொருள். இந்த மூன்றுமே டிரைவராலும் வரலாம், சிப்பாலும் வரலாம். எனவே டிரைவரைக் கேள்விக்கு இடமில்லாமல் சுத்தமாக்கிவிட வேண்டும்.

லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, அவர்களே தரும் டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெஷினுக்கு ஆகப் புதிய டிரைவரே சிறந்தது என்று எண்ண வேண்டாம். என்விடியாவின் ஃபெர்மி தலைமுறைச் சிப்களுக்கான டிரைவர் 2018இல் 391.35 என்ற பதிப்போடு நின்றுவிட்டது. பிறகு வைஃபையை அணையுங்கள்; இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தனக்குத் தோன்றிய டிரைவரைப் போட்டுவிடும். ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்கு (அடிப்படை டிரைவர்கள் மட்டும் இயங்கும் நிலை) போய், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரை முற்றிலும் நீக்குங்கள். ரீஸ்டார்ட் செய்து, இறக்கி வைத்ததைப் போடுங்கள்.

படி 6: வெப்பம்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள், வீணாகாது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற, வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருளைத் திறந்துவைத்துவிட்டு ஒரு கேமை ஓட்டுங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி செல்சியஸ், வேலை செய்யும்போது 70 முதல் 85 வரை என்பது லேப்டாப் கிராபிக்ஸுக்குச் சாதாரணம். ஓரிரு நிமிடத்தில் 95ஐத் தொட்டுத் திரை கறுத்தால், சிப்பைக் குறைசொல்வதற்கு முன் அதற்குக் காற்று போகிறதா என்று பாருங்கள்.

அடிமூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை நெம்பவோ அழுத்தவோ கூடாது. வேலையை அங்கேயே நிறுத்தி, பேட்டரியை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஃபேனை மேலாகத் துடைத்தால் போதாது. ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணிபோல் படிந்து கிடக்கும், காற்றை அடைப்பது அதுதான். ஃபேனைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெடும்.

ஹீட்சிங்கை (சிப்பின் சூட்டை உறிஞ்சும் உலோகப் பகுதி) கழற்றும்போது ஸ்க்ரூக்களின் அருகே 1, 2, 3, 4 என்று எண்கள் பொறித்திருக்கும். அந்த வரிசையின் தலைகீழாகக் கழற்றி, அதே வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முழுதாக இறுக்கினால் சிப்பின் விளிம்பு உடையும். சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக மெல்லியதாகத் தடவுங்கள். கிராபிக்ஸ் நினைவகச் சிப்கள்மேல் மெத்தைபோல ஒட்டியிருக்கும் தெர்மல் பேட் கிழிந்திருந்தால் அதே தடிமனில் வாங்கிப் போடுங்கள். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பில் படியாது. குறைந்தால் நினைவகம் வெந்துபோகும்.

சுத்தம் செய்த பிறகு யூனிஜின் ஹெவன் போன்ற மிதமான சோதனை மென்பொருளைக் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள் பழைய மெஷினுக்கு வேண்டாம். அது தரும் சுமை மிகக் கொடியது. வெப்பம் 65, 70 டிகிரியில் இருக்கும்போதே கட்டங்கள் சிதறினால் சிப்போ அதன் நினைவகமோ கெட்டிருக்கிறது. கிராபிக்ஸ் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள் உங்கள் மாடலில் அனுமதித்தால் நினைவக வேகத்தை 100, 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். சிதறல் நின்றுவிட்டால் நினைவகம் தளர்ந்திருக்கிறது. அந்தக் குறைந்த வேகத்திலேயே இன்னும் சில காலம் ஓட்டலாம்.

படி 7: சிப்தான் என்று உறுதியான பிறகு

இனி உங்களுக்குச் சொல்லப்படும் தீர்வு ரீஃப்ளோ. சிப்பைச் சூடேற்றினால் அடியில் உள்ள உலோகப் பற்று உருகி மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். இதற்குப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டு அடுப்பில் போர்டை வைக்கும் வீடியோக்களைப் பார்த்து இறங்கவே இறங்காதீர்கள். பிளாஸ்டிக் புகை சமைக்கும் இடத்தில் சேரக்கூடாதது.

காரணத்தைச் சொல்கிறேன். என்விடியா 2008 ஜூலையில், தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்கள் சிலவற்றில் சிலிக்கானையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் பொருள் பலவீனமானது என்று அறிவித்து, அதன் செலவுக்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் ஒதுக்கியது. சிப் சூடாகும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, பல ஆயிரம் முறைக்குப் பின் அந்த நுண்ணிய இணைப்புகள் விரிசல் விடுகின்றன. அதாவது விரிசல் சிப்பின் உள்ளேயே இருக்கிறது. வெளியே சிப்பையும் மதர்போர்டையும் இணைக்கும் ஈயமில்லாத பற்று உருகச் சுமார் 217 டிகிரி வேண்டும். அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இப்படிப்பட்ட சிப்கள் தற்காலிகமாக உயிர்பெறுவது, விரிசல் விட்ட முனைகள் சூட்டில் விரிந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதால்தான். சில நாட்களிலோ மாதங்களிலோ மறுபடி விட்டுவிடும். அடிப்பற்றை முழுதும் மாற்றும் ரீபால் முறையும் உள்விரிசலைத் தொடுவதில்லை. சிப்பையே புதிதாக மாற்றினால்தான் அது பழுதுபார்ப்பு. கடைக்காரர் சிப் மாற்றுவதாகச் சொன்னால், புதிய சிப்பா, வேறு போர்டிலிருந்து கழற்றியதா, எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுத்தில் கேளுங்கள். பத்து வருட மெஷினில் அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

அதைவிட நல்ல வழி, தனி சிப்பை உறங்கவைத்துவிட்டு இன்டெல் கிராபிக்ஸில் ஓட்டுவது. படி 2இல் நல்ல செய்தி என்றேனே, அது இதுதான். டிவைஸ் மேனேஜரில் என்விடியா அல்லது ஏஎம்டி பெயரை ரைட் கிளிக் செய்து டிசேபிள் டிவைஸ் கொடுங்கள். பயாஸில் தனி கிராபிக்ஸை அணைக்கும் வசதி இருந்தால் அங்கே அணைப்பது இன்னும் உறுதியானது. எழுத்து வேலை, இணையம், வீடியோ, மாணவர்களின் பாடம் எல்லாவற்றுக்கும் இன்டெல் போதும். வெப்பமும் குறையும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

திரை தனி சிப்போடு நேரடியாக இணைந்த மாடல்களில் இது கைகொடுக்காது. இரண்டு கிராபிக்ஸையும் ஒரு மாற்றுச் சுற்று (ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஸ்விட்ச்) வழியாகத் திரையோடு இணைத்தவற்றிலும் கடினம். 2011ஆம் ஆண்டின் 15 அங்குல மேக்புக் ப்ரோ இந்த வகை. அதன் ஏஎம்டி சிப்கள் பரவலாகக் கெட்டதால் ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது; அது எப்போதோ முடிந்துவிட்டது.

டிசேபிள் செய்த பிறகு ஒரு வாரம் கவனியுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட் ஒவ்வொன்றுக்குப் பின்னும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்த சிப் மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கிறதா என்று பார்த்து, தொடங்கியிருந்தால் மறுபடி அணைத்துவிடுங்கள்.