லினக்ஸ் சர்வரின் திரையை வீட்டிலிருந்து பார்க்க எந்த வழி?

முதலில் சர்வருக்கு ஒரு பிங் அடித்து, சிக்னல் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்து மும்பை டேட்டா சென்டருக்கு ஏறக்குறைய 20–30 மில்லிசெகண்ட் வரும். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு 200-ஐத் தாண்டிவிடும். நெட் பிளான் எத்தனை எம்பிபிஎஸ் என்பதைவிட இந்த எண்தான் முக்கியம்.

ஒரே ஒரு இன்ஸ்டாலரைத் திறந்து மூடத்தான் என்றால் எஸ்எஸ்ஹெச்சிலேயே (சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இருக்கும் எக்ஸ்11 ஃபார்வர்டிங் போதும். அது சர்வரில் ஓடும் புரோகிராமின் விண்டோவை மட்டும் உங்கள் திரையில் காட்டும். டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று எரர் வந்தால், சர்வரில் எக்ஸ்ஆத் (திரையைத் திறக்கும் அனுமதியைக் கவனிக்கும் சிறு புரோகிராம்) இருக்கிறதா என்று பாருங்கள். தூரத்து சர்வருக்கு எக்ஸ்11 ஃபார்வர்டிங் ஆகாது. ஒரு மெனுவை வரைய பத்துத் தடவை போய்வந்தால், 200 மில்லிசெகண்ட் வீதம் 2 விநாடி காத்திருக்க வேண்டும். லைன் அறுந்தால் புரோகிராமும் போய்விடும். வேளச்சேரியில் மழைக்குக் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால், மூன்று மணி நேர வேலை அம்போ.

நீண்ட வேலைக்கு, லைன் போனாலும் செஷன் சர்வரில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப் என்றால் யோசிக்காமல் சர்வரில் எக்ஸ்ஆர்டிபி போடலாம். விண்டோஸில் இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பாலேயே அதில் இணையலாம். லினக்ஸ் டெஸ்க்டாப் வகைகளில் எக்ஸ்எஃப்சிஇ நல்லது, க்னோம் கனம். லாகின் ஆனதும் வெறும் கறுப்புத் திரை நின்றால், அதே யூசர் சர்வரின் நேரடித் திரையிலும் லாகின் ஆகியிருக்கிறாரா என்று பாருங்கள். பல நேரம் காரணம் அதுதான். மறுபடி இணையும்போது கலர் டெப்தை (திரை காட்டும் நிறங்களின் அளவு) மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய செஷன் கிடைக்காமல் புதிது திறக்கும், வேலை தொலைந்துவிட்டதென்று பதறுவீர்கள்.

விஎன்சி என்ற இன்னொரு ரிமோட் திரை முறையும் உண்டு. அந்த வகை டைகர்விஎன்சியும் செஷனைக் காப்பாற்றும். ஆனால் விஎன்சியின் வழக்கமான பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துக்குத்தான் மதிப்பு. மீதி எவ்வளவு நீளமாக வைத்தாலும் வீண்.

எதைப் போட்டாலும் எக்ஸ்ஆர்டிபியின் 3389, விஎன்சியின் 5901 போர்ட்டுகளை இணையத்துக்குத் திறக்காதீர்கள். ஃபயர்வாலில் எஸ்எஸ்ஹெச்சின் 22 மட்டும் போதும், அதுவும் பாஸ்வேர்டு இல்லாமல் கீ ஃபைல் வைத்து. பிறகு எஸ்எஸ்ஹெச் டனலில் (எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள்ளேயே போகும் பாதுகாப்பான பாதை) லேப்டாப்பின் 13389-ஐ சர்வரின் 3389-க்குத் திருப்பி, ரிமோட் டெஸ்க்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட்:13389 என்று கொடுங்கள். இரு பக்கமும் 3389 வைத்தால், தன்னையே கூப்பிடுவதாக நினைத்து விண்டோஸ் மறுத்துவிடும்.

தமிழ் ஃபைல் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லைனைக் குறை சொல்லாதீர்கள். சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை. லோஹித் தமிழைப் போட்டுவிட்டு வெளியேறி மீண்டும் லாகின் செய்யுங்கள்.