ஹியூமனாய்டு ரோபோ வீடியோவை எப்படிப் பார்ப்பது?

மனித உருவ ரோபோ ஒன்று சட்டை மடிக்கிறது. இன்னொன்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கிறது. தானாகத்தான் செய்கிறதா, எவ்வளவு நேரம் ஓடும், வீட்டு வேலைக்கு எப்போது வரும் என்ற கேள்விகள் உடனே எழும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் பாதி விடை வீடியோவிலேயே கிடைத்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, இயக்குவது யார் என்பதை. விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியும் கையுறையும் அணிந்த ஒருவர் மறைவில் நின்று கையை அசைக்க, ரோபோ அப்படியே திருப்பிச் செய்யும். 2024 ஜனவரியில் டெஸ்லாவின் ஆப்டிமஸ் சட்டை மடித்த வீடியோவில், திரையின் வலது கீழ் ஓரத்தில் இயக்குபவரின் கை அவ்வப்போது எட்டிப் பார்த்தது. ரோபோ இன்னும் அதைத் தானாகச் செய்யாது என்று ஈலான் மஸ்க்கே பிறகு ஒப்புக்கொண்டார். ஆகவே திரையின் ஓரங்களையும், தரையில் விழும் நிழல்களையும், பின்னாலுள்ள கண்ணாடிப் பரப்புகளையும் கவனியுங்கள். தானியங்கி என்று நிறுவனம் எழுத்தில் சொல்லவில்லையென்றால், பின்னால் ஆள் இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம்.

தொலைவிலிருந்து இயக்குவதே மோசடி ஆகிவிடாது. பயிற்சித் தரவு சேர்ப்பதற்கு இது முக்கியமான வழி: ஆள் இயக்கும்போது கேமரா காட்சியும் ஒவ்வொரு மூட்டின் கோணமும் பதிவாகும், அதைப் பார்த்து ஏஐ மாடல் கற்கும். அப்படிப்பட்ட வீடியோ விரல்களின் இயந்திரத் திறனைக் காட்டும். அறிவைக் காட்டாது.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், வேலை நடுவில் பொருளை ஒரு சாண் நகர்த்திவைக்கச் சொல்லுங்கள். வேறு நிறச் சட்டை கொடுங்கள், ஒரு விளக்கை அணையுங்கள். மனப்பாடம் செய்த மாடல் இங்கேதான் தடுமாறும். ஆள் இயக்கினால் இதிலும் தேறிவிடும் என்பதால், இயக்குபவர் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகு இதைச் செய்யுங்கள்.

குட்டிக்கரணத்தின் கதை வேறு. மனித அசைவுகளைப் பதிவுசெய்து, கணினிச் சிமுலேஷனில் ஆயிரக்கணக்கான நகல் ரோபோக்களை ஒரே நேரத்தில் விழுந்து எழவைத்துப் பயிற்றுவிக்கிறார்கள். கிடைத்த கட்டுப்பாட்டு நிரலை நிஜ ரோபோவில் ஏற்றினால், மூட்டுச் சென்சார்களும் சாய்வை அளக்கும் சென்சாரும் போதும்; கேமராவே தேவைப்படாமல் போகலாம். அதனால்தான் கரணம் அடிக்கும் ரோபோவால் சட்டைப் பித்தான் போட முடிவதில்லை. பித்தானுக்கு விரல் நுனியில் தொடு உணர்வு வேண்டும், துணி எப்படிச் சுருங்கும் என்ற கணிப்பு வேண்டும். சிமுலேஷனில் துணியைச் சரியாக உருவாக்குவது இன்றும் கடினம்.

வேகத்தையும் சோதியுங்கள். மூலையில் 2 மடங்கு, 4 மடங்கு என்ற குறிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் ஏதாவது கீழே விழும் இடத்தைத் தேடுங்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 0.45 நொடி ஆகும். நொடிக்கு 30 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) கொண்ட வீடியோவில் சுமார் 13 அல்லது 14 சட்டகங்கள். யூடியூபில் நிறுத்திவைத்து முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும். 7 சட்டகத்திலேயே விழுந்துவிட்டால் வீடியோ இரு மடங்கு ஓட்டப்பட்டிருக்கிறது.

அடுத்து, காட்சி வெட்டி ஒட்டப்பட்ட இடங்களை எண்ணுங்கள்; தோற்றுப்போன முயற்சிகள் அங்கே மறைந்திருக்கலாம். ஒரு படியில் 95% வெற்றி என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 10 படிகள் தொடர்ந்தால் அது 60% ஆகச் சரியும். நிமிடத்துக்கு 2 பெட்டி எடுக்கும் ரோபோ 99% தவறாமல் செய்தாலும், 8 மணி நேர ஷிப்டில் 960 பெட்டிகளில் ஏறத்தாழ 10 தவறும். ஒவ்வொரு முறையும் ஓடிவந்து சரிசெய்ய ஆள் வேண்டும்.

பேட்டரிக் கணக்கை நீங்களே போடலாம். யூனிட்ரீ நிறுவனத்தின் 35 கிலோ எடையுள்ள ஜி1 ரோபோவில், 13 செல்களைத் தொடராக இணைத்த 9,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது. செல்லுக்கு 3.6 வோல்ட் வீதம் 421 வாட்-மணி. நிறுவனம் சொல்வது சுமார் 2 மணி நேரம்; அதாவது சராசரியாக 210 வாட். சுமை தூக்கினால் இன்னும் குறையும். 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் நடந்த ரோபோக்களுக்கான அரை மாரத்தானை வென்ற தியான்கோங் அல்ட்ரா ரோபோ, 2 மணி 40 நிமிட ஓட்டத்தில் 3 முறை பேட்டரி மாற்றிக்கொண்டது.

அவசர நிறுத்தம்தான் பலரும் கேட்க மறக்கும் கேள்வி. தொழிற்சாலை ரோபோக் கையின் மின்சாரத்தைத் துண்டித்தால் பிரேக் பிடித்து அப்படியே நிற்கும். இரண்டு காலில் நிற்பதைத் துண்டித்தால் தடாலென்று விழும், அதுவும் யார் மேலாவது. சோதனைக்கூடங்களில் தோளுக்கு மேலே கயிறு தொங்குவது இதனால்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்ல.

வேலை போய்விடுமா? ஒரே அளவுப் பெட்டி, ஒரே உயரம், சமதளத் தரை என்றிருக்கும் கிடங்கு வேலைக்கே ரோபோ முதலில் வரும். அங்கும் படிக்கட்டு இல்லையென்றால், சக்கரத்தின் மேல் இரண்டு கை பொருத்திய ரோபோ மலிவாகவும் நிலையாகவும் இருக்கும். கால் எதற்கு என்று விற்பவரைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வாங்குவதாக இருந்தால் தனியுரிமையும் சேரும். 2025 அக்டோபரில் 20,000 டாலருக்கு முன்பதிவு தொடங்கிய, 1எக்ஸ் நிறுவனத்தின் நியோ என்ற வீட்டு ரோபோ, தெரியாத வேலையை நிறுவன ஊழியர் தொலைவிலிருந்து இயக்கிச் செய்து முடிக்கும் ஏற்பாட்டோடு வருகிறது. கேமராவை யார், எப்போது பார்ப்பார்கள்? எந்த அறைகளைத் தடைசெய்யலாம்? பதிவுகள் பயிற்சிக்குப் போகுமா? மூட்டு கியருக்கு எத்தனை மணி நேர உத்தரவாதம், மாற்று பேட்டரி என்ன விலை? இவற்றுக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.