நமட்ஜிராவின் தைலமரங்கள்: ஆஸ்திரேலியக் கலை வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய ஆஸ்திரேலியாவின் அரெர்ன்டே பழங்குடி மக்களில் ஒருவரான ஆல்பர்ட் நமட்ஜிராவின் நீர்வண்ண ஓவியம் ஒன்றைப் பாருங்கள். முன்னால் வெள்ளைத் தண்டோடு ஒரு தைலமரம், பின்னால் ஊதா மலைத்தொடர். 'ஐரோப்பிய பாணியை நன்றாகப் பிடித்துக்கொண்டார்' என்று அதோடு முடித்துவிடாதீர்கள். அவர் காலத்து விமர்சகர்கள் பலர் செய்த தவறு இது.

1936-இல் ரெக்ஸ் பேட்டர்பி என்ற வெள்ளைக்கார ஓவியருக்கு ஒட்டகம் ஓட்டி வழிகாட்டியபடிதான் நமட்ஜிரா வண்ணம் தீட்டக் கற்றார். சரி, ஆனால் யாருடைய மலை அது? ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஹான்ஸ் ஹெய்சனும் தைலமரங்களை அற்புதமாக வரைந்தார். நமட்ஜிரா வரைந்த மலைகளிலோ அவருடைய முன்னோர் கதைகள் குடியிருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது புலப்படும்.

பெரிய தவறு, படத்தை மட்டும் பார்த்து, அன்றைய அரசின் சட்டத்தை மறப்பது. 1938-இல் மெல்போர்னில் அவருடைய முதல் தனிக் கண்காட்சியில் எல்லாப் படங்களும் விற்றுப்போயின. அப்படிப்பட்டவருக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்டிக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. வட பிரதேசத்துப் பழங்குடியினர் ஏறக்குறைய எல்லாரையும் அரசு தன் பாதுகாப்பில் உள்ளவர்களாகப் பட்டியலிட்டபோது, 1957-இல் அவர் குடும்பத்தில் அவருக்கும் மனைவிக்கும் மட்டும் அதிலிருந்து விலக்கு கிடைத்தது, பிள்ளைகளுக்கு இல்லை. அன்று விலக்கு பெற்றவர் மது வாங்கலாம், பட்டியலில் இருந்த உறவினருக்குக் கொடுத்தால் குற்றம். இருப்பதைப் பங்கிடுவதுதான் அவருடைய மக்களின் முறை. 1958-இல் அந்தக் குற்றத்துக்கே தண்டனை பெற்று, பப்புன்யா குடியிருப்பில் இரண்டு மாதம் காவலில் இருந்தார். மறு வருடமே இறந்துபோனார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதே பப்புன்யாவில்தான் 1971-இல், புள்ளி ஓவியம் என்று பெயர்பெற்ற பழங்குடியினரின் அக்ரிலிக் (செயற்கை வண்ண) ஓவிய இயக்கம் பிறந்தது. 'புள்ளி ஓவியம்தான் ஆதி காலத்து அசல், நீர்வண்ணம் நகல்' என்பார்கள். மணலிலும் உடலிலும் வரைந்த கோலங்கள் பழையவை. பலகையும் அக்ரிலிக்கும் புதியவை. வெளியார் கண்ணில் படக்கூடாத சடங்குக் குறிகளை மறைக்கவும் புள்ளிகள் பயன்பட்டன.

அப்புறம், பதிப்புரிமையைத் தனிக்கதையாக ஒதுக்காதீர்கள். நமட்ஜிராவின் ஓவியங்களுக்கான பதிப்புரிமையை 1983-இல், இறந்தவர்களின் சொத்தை நிர்வகிக்கும் அரசு அறங்காவலர் 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்திடம் விற்றார். 2017-இல்தான் அது குடும்பத்தின் அறக்கட்டளைக்குத் திரும்பியது.