சின்ன நாய்க்கு முழங்கால் ஜவ்வு ஆபரேஷன்: வீட்டில் நடக்கும் தவறுகள்

முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் முடிந்து நாய் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் யாரும் பெரிய தவறு செய்வதில்லை. தையல் கண்ணுக்குத் தெரிகிறது, முடி மழித்த கால் பார்க்கவே பாவமாக இருக்கிறது, வீடே அதைச் சுற்றி நிற்கிறது. சிக்கல் மூன்றாவது வாரத்தில் ஆரம்பிக்கும். தையல் பிரித்தாயிற்று, நாய் காலை ஊன்றுகிறது, வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடப் பார்க்கிறது. "நல்லாத்தானே இருக்கு, இன்னும் எத்தனை நாளைக்கு அதை அடைச்சு வைக்கிறது?" என்று வீட்டில் ஒருவர் கேட்பார். பெரும்பாலும் பாட்டி. அந்தக் கேள்விக்கு இளகிப்போவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது.

காரணம் உள்ளே இருக்கிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் ஜவ்வு அறுந்துவிட்டால், அதைத் தைத்துப் பழையபடி ஆக்க முடியாது. பொமரேனியன், ஷிட்சூ, பக் மாதிரி சின்ன நாய்களுக்கு அதிகமாகச் செய்யப்படும் ஆபரேஷனில், மூட்டுக்கு வெளியே கெட்டியான நைலான் இழையைப் போட்டு இரண்டு எலும்பையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்த நைலான் கடைசிவரை நிற்காது. நாளாக ஆகத் தளரும், சில சமயம் அறுந்தும் போகும். அதற்குள் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு தடித்து வளர்ந்து, பிடிமானத்தை அது ஏற்றுக்கொள்ள வேண்டும். இதற்கு 6 முதல் 8 வாரம் பிடிக்கும். டிபிஎல்ஓ என்ற இன்னொரு முறையில், கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வளைவாக அறுத்து, கொஞ்சம் சுழற்றி, பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து முடுக்குகிறார்கள். அங்கே எலும்பு கூட வேண்டும். அதற்கும் இரண்டு மாதம் போல ஆகும், எக்ஸ்-ரே பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். தோல் மட்டும் 10 முதல் 14 நாளில் ஆறிவிடும். நமக்குத் தெரிவது அந்தத் தோல்தான். ஆகவே மூன்றாவது வாரத்து நாய்க்கு வலி குறைந்திருக்கும், ஆனால் மூட்டின் பிடிமானம் பாதிகூட வந்திருக்காது.

லாப்ரடார் வைத்திருப்பவர்கள் இதில் தானாகவே ஜாக்கிரதையாக இருப்பார்கள். சின்ன நாய் என்றால் "அஞ்சு கிலோதானே, அதுக்கு என்ன ஆகிடும்" என்ற நினைப்பு வந்துவிடுகிறது. சோஃபாவின் இருக்கை தரையிலிருந்து ஒன்றரை அடி. பொமரேனியனின் தோள் உயரமே ஒரு அடிக்குப் பக்கம்தான். தன்னைவிட உயரமான ஒன்றின் மேல் அது தாவும்போது மொத்த உந்துதலும் பின்னங்கால்களிலிருந்துதான் வருகிறது. சோஃபாவைச் சாய்த்து வையுங்கள், அல்லது மேலே நாற்காலிகளைக் கவிழ்த்துப் போடுங்கள். வீடு அலங்கோலமாக இருந்தால் இருக்கட்டும். கட்டிலில் கூடப் படுத்துப் பழகிய நாயாக இருந்தால், இரவெல்லாம் ஏறத்தான் பார்க்கும். இரண்டு மாதத்துக்கு நீங்கள் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்வது சுலபமான வழி.

தூக்கும் விதத்திலும் பலர் கவனிப்பதில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் முன்னங்கால் இடுக்கில் கைகொடுத்துத் தூக்கினால் பின்பாதி தொங்கும், இறக்கும்போது முதலில் தரையைத் தொடுவது ஆபரேஷன் செய்த கால்தான். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில். இறக்கும்போது நான்கு காலும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும். பிஸ்கட்டைக் காட்டி இரண்டு காலில் நிற்கவைக்கும் விளையாட்டுக்கும் சில மாதம் விடுமுறை. டாக்டரிடம் கூட்டிப்போகும்போது ஸ்கூட்டரின் முன்பலகையில் நிறுத்திப் போகாதீர்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் அது பின்னங்காலை அழுத்தி ஊன்றித்தான் சமாளிக்கும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டோ, கூடையில் படுக்கவைத்தோ போகலாம்.

தரையும் காலிங் பெல்லும்

நம் வீடுகளின் தரை இந்த நாய்களுக்கு எதிரி. காலிங் பெல் அடிக்கும்போது உங்கள் நாயின் பின்னங்கால்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். குரைத்துக்கொண்டே கிளம்பும்; முதல் நாலு எட்டில் பாதம் டைல்ஸைப் பற்றாமல் பின்னால் வழுக்கும்; ஹால் திரும்பும் இடத்தில் பின்பாதி மட்டும் அகலமாகச் சறுக்கிப் போய், சுவரில் இடித்து நிற்கும். நல்ல காலிலேயே இது முழங்காலைத் திருகும் அசைவு. கட்டு இறுகாத மூட்டில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெல்லின் சுவிட்சை அணைத்துவிட்டு, கதவில் "போன் செய்யவும்" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். டெலிவரி ஆட்கள் எப்படியும் போன் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

பாய் விரிக்கிறேன் என்று கோரைப்பாயையோ பழைய பெட்ஷீட்டையோ போடுவது வேலைக்கு ஆகாது. டைல்ஸ் மேல் பாயும் சேர்ந்தே வழுக்கும். அடியில் ரப்பர் பிடிப்புள்ள மிதியடி, யோகா மேட் மாதிரி எதையாவது அது நடக்கும் பாதை முழுக்க வரிசையாகப் போடுங்கள். உள்ளங்காலில் விரல்களுக்கு நடுவே வளர்ந்திருக்கும் முடியை வெட்டிவிடுங்கள். நீள முடி நாய்களுக்கு இது ஒன்றே பாதி வழுக்கலைக் குறைக்கும். சாதாரண சாக்ஸ் மாட்டிவிட்டால் வழுக்கல் கூடத்தான் செய்யும்.

கூண்டில் விடுவதைத் தண்டனையாக நினைப்பவர்கள்தான் அதைப் பின்கட்டில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அங்கே நாய் கத்தும், கம்பியில் ஏறிப் பார்க்கும். ஹாலில், ஆட்கள் நடமாடும் இடத்தில் வையுங்கள். எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். கூண்டு இல்லையென்றால் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்பு வேலியும் சரி, அதைத் தாண்டிக் குதிக்காத நாயாக இருந்தால். ரொம்பத் துள்ளுகிற நாய் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுப்பார்கள். அப்புறம், தேதி நம் கையில் இருந்தால் தீபாவளியை ஒட்டி ஆபரேஷன் வேண்டாம். வெடிச்சத்தத்தில் மிரளும் நாயை எந்த வேலியும் நிறுத்தாது.

புண், மஞ்சள், ஆட்டுக்கால் சூப்

"நாய் நக்கியே புண்ணை ஆத்திக்கும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆபரேஷன் தையலுக்கு அது பொருந்தாது. வாயில் கிருமி நிறைய, நாக்கு சொரசொரப்பு, முன்பல் தையல் நூலைச் சில நிமிடங்களில் பிடுங்கிவிடும். உள்ளே நைலானோ பிளேட்டோ இருக்கும் மூட்டில் கிருமி போனால், சில சமயம் வைத்ததை மறுபடி வெளியே எடுக்க வேண்டிவரும். கழுத்துக் கூம்பு தையல் பிரிக்கும்வரை கழுத்திலேயே இருக்கட்டும், ராத்திரியிலும். "நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கிறேன்" என்று கழற்றுகிறவர் பத்து நிமிடத்தில் தூங்கிப்போவார். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை அரைத்த விழுது எதுவும் தையல் மேல் வேண்டாம். குளிப்பாட்டுவதும் டாக்டர் சொன்ன பிறகுதான்.

ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் கூடும் என்று யோசனை சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். சூப்பால் ஜவ்வு வளராது. அது போகட்டும் என்றால், அதில் போடும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. கொழுப்பு வயிற்றைக் கலக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலில் குத்தும். கால்சியம் சிரப்பும் டாக்டர் எழுதித் தராமல் தேவையில்லை.

மாத்திரைப் பெட்டி

உயிரோடு விளையாடும் தவறு இங்கேதான் நடக்கிறது. ராத்திரி நாய் முனகுகிறது, டாக்டர் போனை எடுக்கவில்லை, வீட்டில் மாத்திரை இருக்கிறது. 5 கிலோ நாய்க்கு முழு டோலோ 650 ஒன்றைக் கொடுத்தால், கல்லீரல் கெடும் அளவு அது. புரூஃபெனும் வோவெரானும் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் தாக்கும். "டாக்டர் எழுதினதும் மெலாக்சிகாம்தானே, அப்பாவோட மாத்திரையும் அதுதானே" என்பது இன்னும் மோசம். மெலாக்சிகாம் என்ற இந்த வலி மருந்து 5 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு வழக்கமாக அரை மில்லிகிராம்தான். மனிதர்களுக்கான மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராமில் வருகிறது. பதினைந்து மடங்கு, முப்பது மடங்கு.

தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு சாப்பிடும் நாயாக இருந்தால் அதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டும் வலி மருந்தும் சேர்ந்தால் குடல்புண் வருவது சகஜம். வாந்தி, தார்போல் கறுத்த மலம், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த வேளை வலி மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். தைலம், வலி ஜெல் தடவுவதும் வேண்டாம். தடவியது அத்தனையும் வயிற்றுக்குத்தான் போகும்.

படுக்கப்போட்டே வைப்பதும் தவறு

இதையெல்லாம் கேட்டவுடன் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். ஒன்றுக்குப் போகக்கூடத் தூக்கிக்கொண்டே போய், தூக்கிக்கொண்டே வருவது. காலை ஊன்றாவிட்டால் தொடைச்சதை வேகமாக வற்றும், மூட்டு விறைக்கும். சின்ன நாய்களிடம் இதில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு: உடம்பு லேசு என்பதால் மூன்று காலில் தத்தித் தத்தியே அருமையாக ஓடிவிடும். வலி போன பிறகும் அதே பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

மருந்து, வேகமாக நடக்கவிடாமல் இருப்பதுதான். டாக்டர் அனுமதித்ததும், குட்டையான பெல்ட்டில் பிடித்து, தினம் இரண்டு மூன்று தடவை ஐந்தைந்து நிமிடம், எறும்பு ஊர்கிற மாதிரி நடத்துங்கள். மெதுவாகப் போனால் அந்தக் காலையும் ஊன்றித்தான் ஆக வேண்டும். வேகம் கூடினால் உடனே தூக்கிக்கொள்ளும். தூக்கிவிட்டால் நின்று, மறுபடி இன்னும் மெதுவாக. வாராவாரம் சில நிமிடம் கூட்டலாம். தடுமாறினால் வயிற்றுக்கு அடியில் ஒரு துப்பட்டாவைக் கொடுத்துத் தாங்கலாம். படியை மட்டும் தூக்கிக்கொண்டே கடந்துவிடுங்கள். முதல் மூன்று நாள் ஐஸைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம்; வெந்நீர் ஒத்தடம் வீக்கம் வடிந்த பிறகு. காலை மடக்கி நீட்டும் பயிற்சியை டாக்டரோ பிசியோதெரபி செய்பவரோ ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டட்டும். எண்ணெய் போட்டு உருவிவிடுவது பயிற்சி ஆகாது.

நடை குறைந்த இந்த நாட்களில் சாப்பாடும் குறைய வேண்டும். ஓய்வில் இருக்கும் 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 முதல் 300 கலோரி போதும். ஒரு மாரி பிஸ்கட் 25 கலோரியைத் தொடும். அடைந்து கிடக்கிறதே என்று ஆளுக்கு ஒன்றாக நாலு பிஸ்கட் போட்டால் ஒரு நாள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே முடிந்தது. அரை கிலோ கூடினால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு கூடியதாக அர்த்தம், அதையும் அந்த முழங்கால்தான் சுமக்கும். பிஸ்கட்டுக்குப் பதிலாக வேகவைத்த கேரட், வெள்ளரித் துண்டு கொடுத்துப் பாருங்கள். முகத்தைத் திருப்பினால் பசியில்லை என்று விட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து சில நாளில் கணுக்காலில் வீக்கம் இறங்குவதும், மூன்று நாலு நாள் மலம் வராததும் சாதாரணம். இரண்டு வாரம் தாண்டியும் விரல் நுனியைக்கூட ஊன்றவில்லை என்றாலோ, நன்றாக நடந்துகொண்டிருந்த நாய் திடீரென்று காலைத் தூக்கிக்கொண்டாலோ, மடக்கும்போது மூட்டில் 'கிளிக்' என்று சத்தம் கேட்டாலோ காத்திருக்க வேண்டாம். உள்ளே போட்ட நைலான் கட்டு தளர்ந்திருக்கலாம், மூட்டுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற மெத்தை கிழிந்திருக்கலாம்.

மறு காலையும் கவனியுங்கள். ஒரு முழங்காலில் ஜவ்வு அறுந்த நாய்களில் பாதிக்கு நெருக்கமானவற்றுக்குப் பின்னால் அடுத்த காலிலும் அறுகிறது. உட்காரும்போது காலை ஒழுங்காக மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிப் போட்டு உட்கார ஆரம்பித்தால் அது ஒரு அறிகுறி. சந்தேகம் வந்தால், வீட்டில் அது நடப்பதைப் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கிளினிக் வாசலை மிதித்ததும் பயத்தில் நொண்டலை மறந்து ராஜநடை போடும் நாய்கள்தான் அதிகம்.