சீனாவுக்கு ஆசிரியர் பணிக்குச் செல்பவர்கள் முதல் ஆண்டை அமைத்துக்கொள்ளும் முறை

சீனாவில் பாடம் நடத்தும் வெளிநாட்டு ஆசிரியரை அங்கே 'வைஜியாவ்' என்று அழைக்கிறார்கள். மொழி தெரியாமல் போய் இறங்கும் ஒரு வைஜியாவ், சிம் கார்டு வாங்குவது முதல் மருத்துவரைப் பார்ப்பது வரை ஒவ்வொன்றுக்கும் பிறர் துணையை நாட வேண்டியிருக்கும். அந்தத் துணை தாராளமாகவே கிடைக்கிறது. ஆனால் எதை யாரிடம், எந்த நேரத்தில் கேட்பது என்பதை அறியாதவர்கள் சிறு காரியங்களுக்கும் வாரக்கணக்கில் அலைவதை, யுன்னான் மாகாணத்தின் குன்மிங் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த மூன்று ஆண்டுகளில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். புதிதாகச் செல்பவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்க வேண்டும் என்ற விருப்பத்தில் இதை எழுதுகிறேன்.

புறப்படும் முன்

வேலைக்காகச் செல்பவர் 'இசட்' வகை விசாவில்தான் நுழைய வேண்டும். முதலில் உங்களை அமர்த்தும் நிறுவனம் பணி அனுமதி அறிவிப்புக் கடிதத்தைப் பெற்று அனுப்பும். அதைக் காட்டித்தான் விசா பெற வேண்டும். சுற்றுலா விசாவிலோ வணிக விசாவிலோ வந்துவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் இடைத்தரகரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அனுமதியின்றி வேலை செய்பவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதமும், குற்றம் கடுமையானால் 5 முதல் 15 நாட்கள் வரை காவலும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அனுமதியில் பெயர் உள்ள நிறுவனத்தைத் தவிர வேறு இடத்தில் மாலை நேர வகுப்பு எடுப்பதும் இதே குற்றத்தில் சேரும் என்பதைப் பலர் தாமதமாகவே தெரிந்துகொள்கிறார்கள்.

மொழியாசிரியர் பணிக்கு, கற்பிக்கும் மொழி ஆசிரியரின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்பதே பொது விதி. ஆகவே இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்பவர்கள் ஆங்கில ஆசிரியர் விளம்பரங்களின் பின்னால் ஓடுவதைவிட, ஆங்கிலவழியில் கணிதம், அறிவியல், வணிகம் போன்ற பாடங்களைக் கற்பிக்கும் பன்னாட்டுப் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் நாடுவது நல்லது. தமிழ் கற்பிக்கவும் வழி உண்டு. பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் குன்மிங்கின் யுன்னான் மின்சு பல்கலைக்கழகத்திலும் சீன மாணவர்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு நம் மொழியைப் படிக்கிறார்கள். தனியார் பயிற்சி மையங்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. பள்ளி மாணவர்களின் வீட்டுப்பாடச் சுமையையும் டியூஷன் சுமையையும் குறைக்க 2021 ஜூலையில் அரசு கொண்டுவந்த கொள்கைக்குப் பிறகு அவற்றில் பல மூடப்பட்டுவிட்டன.

பட்டச் சான்றிதழ், காவல்துறை நற்சான்று ஆகியவற்றுக்கு எந்த வகைச் சான்றொப்பம் வேண்டும் என்பதை நிறுவனத்திடம் எழுத்திலேயே கேளுங்கள். வெளிநாட்டு ஆவணங்களைத் தூதரகச் சான்றொப்பம் இல்லாமலே ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கை சீனாவில் 2023 நவம்பர் 7 முதல் நடைமுறைக்கு வந்திருந்தாலும், எல்லா நாட்டு ஆவணங்களுக்கும் அது ஒரே மாதிரியாகப் பொருந்துவதில்லை. ஒப்பந்தத்தைச் சீனமொழி வடிவத்தில், சீனம் அறிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை வகுப்புகள், கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, வீட்டு வாடகை யார் பொறுப்பு என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

பெயர் என்னும் சிக்கல்

தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் சிலருக்குத் தந்தை பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். சிலர் முன்னெழுத்தோடு சான்றிதழ் வைத்திருப்பார்கள். சீனாவிலோ பணி அனுமதி, வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், செய்தி அனுப்பவும் பணம் செலுத்தவும் உதவும் வீசாட் செயலி, ரயில் முன்பதிவுச் செயலி ஆகிய ஐந்தும் ஒரே பெயரை, ஒரே எழுத்துகளில், ஒரே வரிசையில், ஒரே இடைவெளியோடு எதிர்பார்க்கின்றன. வங்கியில் தந்தை பெயரை முன்னால் வைத்தும் சிம் கார்டில் பின்னால் வைத்தும் பதிந்துவிட்டால், பிறகு கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதியை இணைக்கும்போது 'விவரங்கள் பொருந்தவில்லை' என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு நேர்ந்தது இதுதான். இரண்டு எழுத்துகளுக்கு இடையில் விடுபட்ட ஒரு வெற்றிடத்தைக் கண்டுபிடிக்கப் பத்தொன்பது நாட்கள் ஆயின.

ஆகவே கடவுச்சீட்டின் அடிப்பகுதியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உள்ளனவே, அவற்றில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதையே எல்லா இடங்களிலும் பின்பற்றுங்கள். அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகப்பிலும் அந்தத் தாளையே காட்டுங்கள். பதிந்து முடிந்ததும் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிச் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். தவறாகக் கருத மாட்டார்கள்.

முதல் முப்பது நாட்கள்

வீட்டில் தங்கத் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் இருப்பிடத்தைப் பதிய வேண்டும். விடுதிகள் தாமாகவே இதைச் செய்துவிடுகின்றன. வீட்டில் தங்கினால் பொறுப்பு உங்களுடையது. தவறினால் எச்சரிக்கையும், 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அதைவிட, அந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் அடுத்த படிக்கே போக முடியாது. நாட்டுக்குள் நுழைந்த 30 நாட்களுக்குள் வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்பாக இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அடங்கிய மருத்துவச் சோதனை, பணி அனுமதி ஆகியவை முடிந்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீதைத் தருவார்கள். அது திரும்பிவர இரண்டு, மூன்று வாரங்கள்கூட ஆகலாம். அந்த நாட்களில் வங்கிக் கணக்குத் தொடங்க முடியாது, சிம் கார்டு வாங்க முடியாது. எனவே வந்த முதல் வாரத்திலேயே சிம் கார்டு, அதன் பின் வங்கிக் கணக்கு, அதன் பின் வீசாட்டிலும் அலிப்பே என்னும் பணச் செயலியிலும் வங்கி இணைப்பு, இவை முடிந்த பிறகே கடவுச்சீட்டைக் கொடுங்கள். காய்கறிக் கடைக்காரர்கூடப் பணம் செலுத்தக் கியூஆர் குறியீட்டை நீட்டும் நாட்டில் இந்த இணைப்பு இல்லாத நாட்கள் கடினமானவை. வெளிநாட்டு வங்கி அட்டையையும் இவ்விரு செயலிகளில் இணைக்கலாம் என்பதால், ஊரிலேயே அதைச் செய்து பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் ஆகியவை சீன இணைய இணைப்பில் திறப்பதில்லை. வீட்டாருடன் பேசுவதற்கு அவர்களது கைப்பேசியில் வீசாட்டை நீங்கள் ஊரில் இருக்கும்போதே நிறுவிக் கொடுங்கள். புதிய கணக்குக்கு ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் உறுதி அளிக்க வேண்டியிருக்கும். கடல் கடந்த பிறகு இதை அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்குவது எளிதன்று. நாடு முழுவதும் ஒரே நேரக் கணக்கு என்பதால், எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வீட்டைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பீர்கள்.

யாரிடம் எதைக் கேட்பது

அனுமதி, காவல் நிலையம், ஒப்பந்தம் ஆகியவை உங்கள் நிறுவனத்தின் வெளிவிவகார அலுவலகத்தின் வேலை. அங்கே ஒருவரே பத்துப் பதினைந்து ஆசிரியர்களைக் கவனிப்பார். ஆகவே ஒரு காரியத்தை ஒரே செய்தியில், தேவையான ஆவணத்தின் படத்தோடு, வேலை நேரத்தில் அனுப்புங்கள். பிற்பகல் 12 முதல் 2 மணி வரை யாரையும் அழைக்காதீர்கள். அது உணவுக்கும் உறக்கத்துக்கும் உரிய நேரம். அலுவலகங்களில் மடக்குக் கட்டில் விரித்துப் படுப்பவர்களும் உண்டு.

வகுப்பு சார்ந்தவற்றுக்கு 'பான்ஜாங்' என்னும் வகுப்புத் தலைவரைக் கேளுங்கள். அறை மாற்றம், வருகைப் பதிவு, பாடக்குறிப்பை அனைவருக்கும் சேர்ப்பது, எல்லாம் அந்த மாணவர் வழியாகவே நடக்கும். ஆனால் உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவதற்கு மாணவரை அழைக்காதீர்கள். அழைத்தால் வருவார், மறுக்க மாட்டார். மறுக்க முடியாதவரிடம் கேட்பது ஆசிரியருக்கு அழகன்று. குழாய்க்கும் மின்விளக்குக்கும் குடியிருப்பின் வாயிலில் இருக்கும் அம்மையாரிடம் சொன்னால் போதும். நடுத்தர வயதுப் பெண்களை அங்கே 'ஆயி' என்று அழைப்பார்கள். நம் கிராமங்களில் தாயையும் பாட்டியையும் அழைக்கும் அதே ஒலியில் ஒரு சீன அம்மையாரைக் கூப்பிட நேர்ந்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. பழுது பார்க்க வருபவரையும் ஓட்டுநரையும் 'ஷிஃபு' என்று அழைப்பது மரியாதை.

அறிவிப்புகள் வீசாட் குழுவில்தான் வரும், பெரும்பாலும் கடைசி நேரத்தில். படித்ததும் 'ஷோதாவ்', அதாவது 'கிடைத்தது', என்று ஒரு சொல் பதில் எழுத வேண்டும். எழுதாதவர் பார்க்கவில்லை என்றே கொள்ளப்படும். விடுமுறை அறிவிப்புகளைக் குறிப்பாகப் படியுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் வரும் தேசிய நாள் விடுமுறைக்கு ஈடாக முன்னோ பின்னோ ஒரு சனி அல்லது ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாக அறிவிக்கப்படும். அன்று எந்தக் கிழமையின் கால அட்டவணை பின்பற்றப்படும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

வகுப்பறை

ஒரு பாடவேளை பெரும்பாலும் 45 நிமிடம். பல்கலைக்கழகத்தில் இரண்டை இணைத்து நடத்துவார்கள். முதலாண்டு மாணவர்கள் இராணுவப் பயிற்சியில் இருப்பதால் அவர்களுக்கான வகுப்புகள் செப்டம்பர் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோதான் தொடங்கும்.

கேள்வி கேட்டால் வகுப்பே அமைதியாக இருக்கும். இதைப் புரியாமையாகவோ அக்கறையின்மையாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். பலர் முன்னிலையில் தவறு செய்யும் கூச்சமும், தனித்துத் தெரிய விரும்பாமையும்தான் பெரும்பாலும் அதன் காரணம். நான் கண்ட வழி எளியது: கேள்வியைப் பலகையில் எழுதுங்கள்; பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள்; பிறகு 'நீங்கள் இருவரும் என்ன முடிவுக்கு வந்தீர்கள்' என்று கேளுங்கள். விடை இருவருடையதாகிவிடுவதால் தயக்கம் பாதி குறைகிறது. வகுப்பு முடிந்ததும் மேசையைச் சுற்றி நின்று கேட்பவர்களுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். என் மிகச் சிறந்த மாணவி முதல் பருவம் முழுவதும் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. அந்தப் பத்து நிமிடங்களில்தான் அவர் எவ்வளவு ஆழமாகச் சிந்திக்கிறார் என்பதை அறிந்தேன்.

தேர்வுக்கு 'ஏ', 'பி' என இரண்டு வினாத்தாள்களை விடைக்குறிப்போடு முன்கூட்டியே கேட்பார்கள். சிவப்பு மையில் திருத்தலாம். மாணவர் பெயரை மட்டும் சிவப்பில் எழுத வேண்டாம், அது அமங்கலம் எனக் கருதப்படுகிறது. செப்டம்பர் 10 அங்கே ஆசிரியர் நாள். பூவும் வாழ்த்து அட்டையும் தருவார்கள். மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள், விலையுயர்ந்த பொருளை மட்டும் அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உணவும் உடல்நலமும்

சைவ உணவுக்காரர் 'வோ ச்சி சூ', அதாவது 'நான் சைவம் சாப்பிடுகிறேன்', என்று சொல்லக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. காய்கறியைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். கோழிச்சாறுப் பொடியோ சிப்பிச் சாறோ சேர்த்திருக்கலாம். இந்த மூன்றும் வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் யாரையாவது எழுதித் தரச் சொல்லிக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொண்டு, சமைப்பவரிடமே காட்டுங்கள். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாய் சேர்ந்த வறுவலும், தக்காளி முட்டையும் ஏறக்குறைய எந்த உணவகத்திலும் கிடைக்கும். யுன்னானில் பணி கிடைத்தவர்களுக்கு இன்னும் நல்லது: இடியாப்பத்துக்குப் பழகிய நாவுக்கு அங்கத்திய அரிசி நூடுல்ஸ் அந்நியமாகத் தோன்றாது, ஆட்டுப்பாலில் செய்யும் 'ரூபிங்' நம் பன்னீருக்கு மிக நெருக்கமானது.

வீட்டில் சமைக்க விரும்புகிறவர்கள் கறிவேப்பிலை, புளி, பெருங்காயம் ஆகியவற்றை ஊரிலிருந்து காயவைத்தோ பொடியாகவோ கொண்டு செல்லலாம். பச்சைப் பயறும் கொத்தமல்லியும் மிளகாயும் எங்கும் கிடைக்கின்றன. குன்மிங் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும், குக்கர் இருப்பது நல்லது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. ஒரு நல்ல சுடுநீர்க் குடுவை வாங்கிக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றிக்கொள்ளும் இடம் பல்கலைக்கழகக் கட்டடங்களில் பெரும்பாலும் உண்டு.

காய்ச்சல் என்றால் கடவுச்சீட்டோடு பெரிய மருத்துவமனைக்குக் காலையிலேயே செல்லுங்கள். முதலில் 'குவாஹாவ்' என்னும் பதிவுச் சீட்டு, பிறகு மருத்துவர், பிறகு கட்டணம், அதன் பிறகே பரிசோதனை, முடிவோடு மீண்டும் அதே மருத்துவர் என்பதே ஒழுங்கு. பணம் கட்டாமல் எதுவும் நகராது; ஆனால் பெரும்பாலான முடிவுகள் அன்றைக்கே வந்துவிடும். அவசர ஊர்திக்கு 120, காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கு 119.

விடைபெறும்போது

வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் ஊர் திரும்பினாலும், பணியிலிருந்து விடுவித்ததற்கான சான்றையும் பணி அனுமதி நீக்கப்பட்டதற்கான ஆவணத்தையும் கையில் வாங்காமல் விடைபெறாதீர்கள். இவை இல்லையேல் அடுத்த நிறுவனத்தால் உங்களுக்குப் புதிய அனுமதி வாங்க இயலாது. சம்பளத்தை வெளிநாட்டுப் பணமாக மாற்றி அனுப்ப வங்கி, ஒப்பந்தத்தையும் வரி கட்டிய சான்றையும் கேட்கும் என்பதால் வரிச் சான்றைக் கடைசி மாதத்துக்கு முன்பே பெற்றுவிடுங்கள். வங்கிக் கணக்கையும் கைப்பேசி எண்ணையும் மட்டும் மூட அவசரப்பட வேண்டாம். கடைசிச் சம்பளமும் வீட்டு முன்பணமும் அந்தக் கணக்குக்குத்தான் வரும், அதை எடுப்பதற்கான குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.