ஒரு பாய் போதும்: பிலாட்டீஸ் தொடங்குகிறவர்களுக்கு

என்னிடம் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறையைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "மெஷின் எங்கே மேடம்?" என்றுதான். ரிஃபார்மர் என்ற, ஸ்பிரிங் மாட்டிய அந்தச் சறுக்குக் கட்டிலை வீடியோவில் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். என் வகுப்போ மொட்டை மாடியில், ஷீட் கூரைக்குக் கீழே. பாய் மட்டும்தான். நான் மிச்சம் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். இந்தப் பயிற்சி வளர்ந்த வரிசையே அதுதான்.

இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் மன்ஷன்கிளாட்பாக் என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமா, நோஞ்சான் உடம்பு. அதைத் தேற்றத்தான் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று இறங்கினார். முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மன்காரர் ஆயிற்றே, எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த நாக்கேலோ முகாமில் அவரோடு ஆயிரக்கணக்கானவர்கள் அடைந்து கிடந்தார்கள். அங்கே கருவிக்கு எங்கே போவது? தரை இருந்தது, உடம்பு இருந்தது. நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டிப் பயிற்சி கொடுத்தார், ரிஃபார்மருக்கு அதுதான் விதை என்றொரு கதையும் ஸ்டூடியோக்களில் சொல்வார்கள்.

1926-இல் அமெரிக்கா போய், மனைவி கிளாராவோடு நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் ஸ்டூடியோ நடத்தினார். மார்த்தா கிரஹாம், ஜார்ஜ் பாலன்சின் போன்ற நடன உலகத்துப் பெரியவர்களோடு தொடர்பு ஏற்பட்டது. அடிபட்ட நடனக்காரர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். 1945-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கும் 34 பயிற்சிகளும் தரையில் செய்பவை. எனக்கு அந்த ஒரு கணக்கு போதும்.

சரி, பாயை விரிப்போம். மெல்லிய யோகா மேட் மட்டும் போதாது. முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தரையில் உருளும்போது வலிக்கும். மேலே ஒரு ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். டிஸ்க் பிரச்சினை, எலும்புத் தேய்மானம், கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு, கீழே சொல்லும் முன்பக்கம் வளையும் அசைவுகளே ஆகாது.

முதலில் மூச்சு. யோகா பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அங்கே மூச்சை இழுத்தால் வயிறு எழும்ப விடுவோம். இங்கே வயிற்றை அடக்கி வைத்து, விலா எலும்புகளைப் பக்கவாட்டில் விரிக்க வேண்டும். ஒரு துண்டை மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மூக்கால் இழுக்கும்போது துண்டு இரு பக்கமும் இறுக வேண்டும். விடும்போது துண்டு தளரும், தொப்புள் உள்ளே போகும். இது பிடிபடும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். நான் முதல் வகுப்பில் பெரும்பாலும் இதை மட்டும்தான் செய்யச் சொல்வேன். "இதுக்கா காசு?" என்று ஒரு முறைப்பு வரும். பரவாயில்லை.

அடுத்தது 'ஹண்ட்ரட்'. அந்த 34-இல் முதல் பயிற்சி. மல்லாந்து படுத்து, முட்டியை மடித்துக் கால்களைத் தூக்குங்கள். தொடை செங்குத்தாகவும் கெண்டைக்கால் தரைக்கு இணையாகவும் இருக்கட்டும். தலையையும் தோளையும் எழுப்பித் தொப்புளைப் பாருங்கள். கைகளை உடம்போடு ஒட்டி நீட்டி, ஒரு சாண் அளவுக்கு மேலும் கீழும் அடியுங்கள். மணிக்கட்டை ஆட்டக் கூடாது, தோளிலிருந்து முழுக் கையும் அசைய வேண்டும். ஐந்து அடிக்கு மூச்சை இழுத்து, ஐந்து அடிக்கு விடுங்கள். அது ஒரு சுற்று. பத்துச் சுற்று முடிந்தால் நூறு.

முதல் நாளே நூறு வேண்டாம். இருபதில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுங்கள். கழுத்து வலித்தால் தலையைக் கீழே வைத்துவிட்டுக் கையை மட்டும் அடிக்கலாம். வயிற்றுக்கு வேலை இருக்கத்தான் செய்யும். கால்களை நீட்டிச் செய்வது பிற்பாடு. நீட்டும்போது இடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் இடைவெளி விழுந்தால், கால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று அர்த்தம். உயர்த்துங்கள்.

'ரோல் அப்'பில் கால் நீட்டிப் படுத்த நிலையிலிருந்து ஒவ்வொரு கணுவாக எழுந்து உட்கார வேண்டும். வேகமாகத் தூக்கிப்போட்டு எழுவது ஏமாற்று வேலை. முடியாதவர்கள் எதிர்த் திசையில் தொடங்குங்கள்: முட்டி மடித்து உட்கார்ந்து, தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பாதி தூரம் மட்டும் பின்னால் சாய்ந்து திரும்புங்கள். மூன்று தடவை போதும். இருபது, முப்பது என்று ஜிம் கணக்கில் எண்ணிப் பழகியவர்களுக்கு மூன்று என்றால் சிரிப்பு வரும். மெதுவாகச் செய்து பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அப்புறம் 'சிங்கிள் லெக் ஸ்ட்ரெச்': தலை தூக்கிய நிலையில் ஒரு முட்டியை மார்போடு அணைத்து, மறு காலை நீட்டி, மாற்றி மாற்றிக் காலுக்கு ஐந்து. இவ்வளவும் முன்பக்கம் வளைந்ததற்கு ஈடாக, கடைசியில் குப்புறப் படுத்து, நெற்றியருகே உள்ளங்கைகளை ஊன்றி, மார்பை மட்டும் கொஞ்சம் எழுப்பி இறக்குங்கள். கையால் தள்ள வேண்டாம், முதுகு இழுக்கட்டும்.

இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வாரத்தில் நான்கு நாள், சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து.

இது வசப்பட்டபின் ரிஃபார்மர் வகுப்புக்குத் தாராளமாகப் போங்கள். ஆசிரியர் ஒவ்வொருவரின் பக்கத்திலும் வந்து நின்று திருத்த முடிகிற அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஸ்பிரிங்கைக் குறைத்தால் எளிதாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பல அசைவுகளில் ஸ்பிரிங் குறையக் குறைய, உங்களைத் தாங்கும் சறுக்குப் பலகை வழுக்கி ஓடும். அதைப் பிடித்து நிறுத்துவது உங்கள் வயிறுதான்.