ஒரு சின்ன இத்தாலிய கிளப்பின் வரலாற்றை எழுதுவது எப்படி?

வியாசர்பாடியில் சாயங்காலம் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். இத்தாலிய வீரர் மத்தேராட்சி சென்னையின் எஃப்சிக்குக் கோச்சாக இருந்ததிலிருந்து இங்கே இத்தாலி மேல் ஒரு பாசம் உண்டு. ஆனால் கிளப் பெயர் கேட்டால் யுவெண்டஸ், மிலன், இன்டர் என்று மூன்றோடு நின்றுவிடும். 7 முறை இத்தாலிய சாம்பியனான ப்ரோ வெர்செல்லியை யாருக்கும் தெரியாது. அப்படியொரு கிளப்பின் கதையைச் சென்னையில் உட்கார்ந்தபடியே எழுத முடியும். அதே ப்ரோ வெர்செல்லியை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஊரைப் படியுங்கள். வெர்செல்லி, டூரினுக்கும் மிலனுக்கும் நடுவில் இருக்கிறது. நம் தஞ்சாவூர்ப் பக்கம் போல ஊரைச் சுற்றி நெல் வயல். 50 ஆயிரம் பேர்கூட இல்லை. இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே மாட்டிய சின்ன ஊர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அப்புறம் ஒரு நோட்டில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே இடம் விடுங்கள். 1892: ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம். 1903: ஃபுட்பால் பிரிவு. பட்டங்கள்: 1908, 1909, 1911, 1912, 1913, 1921, 1922. பழைய புள்ளிப்பட்டியல்கள், ஃபுட்பால் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் (RSSSF) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எழுதி முடித்ததும் ஒரு கேள்வி வர வேண்டும்: 1910 எங்கே போனது? என்னைக் கேட்டால், ஜெயித்த ஆண்டுகளைவிட விடுபட்ட ஆண்டைத்தான் முதலில் தோண்ட வேண்டும்.

அந்த ஆண்டு ப்ரோ வெர்செல்லியும் இன்டரும் சம புள்ளிகளில் முடித்தார்கள். பட்டத்தைத் தீர்மானிக்க ஏப்ரல் 24 அன்று ஒரு மேட்ச். வெர்செல்லி வீரர்கள் சிலர் ராணுவப் போட்டி ஒன்றில் ஆட வேண்டியிருந்ததால் தேதியைத் தள்ளி வைக்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. எதிர்ப்பைக் காட்ட, சிறுவர் அணியை மைதானத்தில் இறக்கினார்கள். இன்டர் 10-3 என்று ஜெயித்தது. தொடங்கி இரண்டே ஆண்டான இன்டருக்கு அதுதான் முதல் பட்டம். இதைச் சொல்லும்போது என் பையன்கள் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒன்றுதான்: அந்த 3 கோலை அடித்தது யார்?

இந்த மாதிரிக் கேள்விக்கு அந்தக் காலத்துப் பத்திரிகைதான் வழி. டூரினின் லா ஸ்டாம்பா 1867 முதலான தன் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மேட்ச் நடந்த நாளைத் தேடாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் இதழ்களைப் புரட்டுங்கள். இத்தாலி மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தைப் படம் பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடுங்கள். ஒரு பத்திரிகையோடு நிறுத்தவும் வேண்டாம். டூரின் பத்திரிகை ஒரு மாதிரி எழுதும், மிலன் பத்திரிகை வேறு மாதிரி எழுதும். வித்தியாசம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

1922-இல் வேறு சிக்கல். பெரிய கிளப்புகள் இத்தாலிய ஃபுட்பால் சம்மேளனத்தோடு சண்டை போட்டுத் தனிப் போட்டி நடத்தின; அதில் ப்ரோ வெர்செல்லி சாம்பியன், சம்மேளனப் போட்டியில் நொவேசே சாம்பியன். இரண்டுமே அதிகாரபூர்வப் பட்டங்கள்தான். பட்டியலில் ஒன்றை மட்டும் போட்டால் தப்பு.

வீழ்ச்சியை எழுதும்போது அவசரப்படாதீர்கள். 1913 மே மாதம் பெல்ஜியத்தை வென்ற இத்தாலி அணியில் 9 பேர் இந்த ஒரே கிளப்பின் ஆட்கள். பத்தே ஆண்டில், 1923-இல், வீரர் ரொசெட்டாவை டூரினின் யுவெண்டஸ் கூட்டிப்போனது. ஃபியட் கார் கம்பெனிக் குடும்பத்து எட்வார்டோ அஞெல்லி யுவெண்டஸின் தலைவரான அதே ஆண்டு. அப்புறம் பியோலா. இத்தாலியின் முதல் நிலை லீகான சீரி ஆவில் மொத்தம் 274 கோல் அடித்தவர், இங்கேதான் ஆரம்பித்தார். 1934-இல் ரோமின் லாட்சியோவுக்குப் போனார். அடுத்த சீசனிலேயே ப்ரோ வெர்செல்லி சீரி ஆவிலிருந்து கீழே இறங்கியது. ஊரைப் பற்றி முதலில் எழுதிய குறிப்பை இங்கே எடுத்து வையுங்கள். நெல் விளையும் ஊரால் கார் தொழிற்சாலைப் பணத்தோடு மோத முடியவில்லை.

கடைசியாக, கிளப்பின் பெயர் எங்கேயாவது கைமாறியதா என்று பாருங்கள். 2010-இல் பணச் சிக்கலில் பழைய கிளப் நின்றுபோக, அதே ஊரின் ப்ரோ பெல்வெதேரே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 2012-இல் இரண்டாம் நிலை லீகான சீரி பி வரைக்கும் ஏறியது. இதை மறைக்காமல் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

இதே முறையில் அடுத்து நொவேசேயை எடுக்கலாம், அல்லது 1914-இல் சாம்பியனான காசாலேயை. காசாலே வெர்செல்லிக்குப் பக்கத்து ஊர்தான், பாதிப் பத்திரிகைகளை ஏற்கெனவே புரட்டியிருப்பீர்கள்.